தழைச்சத்தைச் செலவிட்டு மணிச்சத்தை மீட்கும் மண்: ஹவாய்க் காடுகளை முன்வைத்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஹவாய்த் தீவுக்கூட்டத்தின் தென்கிழக்குக் கோடியில், கிலாவுயா எரிமலையின் உச்சியை ஒட்டிய தர்ஸ்டன் என்னும் இடத்து மண்ணுக்கு வயது ஏறத்தாழ 300 ஆண்டுகள். வடமேற்கே கவாய்த் தீவின் கோக்கே மலைப்பகுதியில் உள்ள மண்ணுக்கு வயது ஏறத்தாழ 41 லட்சம் ஆண்டுகள். இரண்டு இடங்களும் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் இருக்கின்றன. இரண்டிலும் ஆண்டுக்குச் சுமார் 2,500 மில்லிமீட்டர் மழை பெய்கிறது, சராசரி வெப்பநிலை 16 டிகிரி செல்சியஸ் அளவில் நிற்கிறது, காட்டை ஆள்வதும் ஓஹியா என்ற ஒரே மரம்தான். தாய்ப்பாறையும் ஒரே வகை எரிமலைப் பாறை. ஆகவே இந்த இரு மண்களிடையே காணப்படும் வேறுபாட்டுக்கு வயதைத் தவிர வேறு காரணம் தேட வேண்டிய தேவை அநேகமாக இல்லை. செடிக்கு வேண்டிய மணிச்சத்து (பாஸ்பரஸ்) மட்கிலிருந்து எப்படி விடுபடுகிறது, அதை யார் விடுவிக்கிறார்கள், அதற்கு என்ன விலை கொடுக்கிறார்கள் என்ற கேள்விகளுக்கு உலகில் வேறெங்கும் எளிதில் கிடைக்காத தெளிவு இங்கே கிடைத்ததற்கு இதுவே அடிப்படை.

நிகழ்விடம்

பூமிக்குள் ஓரிடத்தில் கனன்றுகொண்டிருக்கும் வெப்பப் புள்ளியின் மேலே பசிபிக் புவித்தட்டு வடமேற்கு நோக்கி நகர்வதால், ஹவாய்த் தீவுகள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்தன. முதலில் எழுந்தது விலகிப்போய் முதுமையடைய, புதியது புள்ளியின் மேல் இன்னும் வளர்கிறது. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த, ஹவாயிலேயே பிறந்த பீட்டர் விட்டூசெக்கும் அவருடன் பணியாற்றியவர்களும் இந்தத் தீவுவரிசையை மண் வளர்ச்சியின் காலவரிசையாகப் படித்தார்கள். 300, 2,100, 20,000, 1,50,000, 14 லட்சம், 41 லட்சம் ஆண்டு வயதுடைய ஆறு இடங்கள் அதற்கெனத் தேர்ந்தெடுக்கப்பட்டன.

அவர்கள் சோதிக்க விரும்பிய கருத்து 1976இல் நியூசிலாந்தின் வாக்கர், சையர்ஸ் ஆகிய இருவரும் முன்வைத்தது. இளம் மண்ணில் மணிச்சத்து முழுவதும் பாறைக் கனிமத்தில், குறிப்பாக அபடைட்டில், இருக்கும். மழையும் அமிலமும் அதைக் கரைக்கக் கரைக்க, கரைந்ததில் ஒரு பங்கை உயிர்கள் எடுத்து அங்ககப் பொருளாக்கும், இன்னொரு பங்கை இரும்பு, அலுமினிய ஆக்சைடுகள் பற்றிக்கொள்ளும், மீதி ஆற்றோடு போகும். தழைச்சத்து (நைட்ரஜன்) காற்றிலிருந்து மீண்டும் மீண்டும் வந்து சேரும். மணிச்சத்துக்கோ காற்றில் அப்படி ஒரு களஞ்சியம் கிடையாது. எனவே மண் முதிர முதிர, உயிர்களைக் கட்டிப்போடும் பற்றாக்குறை தழைச்சத்திலிருந்து மணிச்சத்துக்கு மாறும் என்பது அவர்கள் வாதம்.

டிமோதி குரூஸ் முதலானோர் 1995இல் வெளியிட்ட அளவீடுகள் இதில் பெரும்பகுதியை உறுதிசெய்தன. 300 ஆண்டு மண்ணில் மொத்த மணிச்சத்தில் 82 விழுக்காடு முதல்நிலைக் கனிமத்தில் இருந்தது. 20,000 ஆண்டு மண்ணில் அது வெறும் 1 விழுக்காடாகக் குறைந்துவிட்டது. அங்கக மணிச்சத்து இளம் மண்ணிலிருந்து ஏறிக்கொண்டே வந்து 1,50,000 ஆண்டு மண்ணில் உச்சத்தைத் தொட்டு, பிறகு முதிய மண்ணை நோக்கி இறங்கியது. கோட்பாடு சொன்னதிலிருந்து விலகிய இடமும் இருந்தது: மொத்த மணிச்சத்து தொடக்கத்தில் அல்லாமல் 1,50,000 ஆண்டு மண்ணில்தான் மிக அதிகமாக இருந்தது. இந்த ஆய்வுக்கு நமக்கு முக்கியமானது ஒன்றே. பாறை தன் பங்கைக் கொடுத்து முடித்துவிட்ட பிறகு, காட்டின் அன்றாட மணிச்சத்துத் தேவையை நிறைவேற்ற வேண்டிய பொறுப்பு, உதிர்ந்த இலையிலும் இறந்த வேரிலும் மாண்ட நுண்ணுயிர் உடலிலும் அடைபட்டிருக்கும் சத்தின் மேல் விழுகிறது. அடைபட்டதைத் திறப்பது நொதியின் வேலை.

பிணைப்பும் அதை வெட்டும் நொதியும்

செடியின் வேரோ பாக்டீரியாவோ உறிஞ்சக்கூடியது ஆர்த்தோபாஸ்பேட் என்னும் தனி அயனியைத்தான். மண்கரைசலில் அது எப்போதும் மிகச் சொற்பமாகவே இருக்கும். மண்ணின் மொத்த மணிச்சத்தில் பெரும்பாலும் 30 முதல் 65 விழுக்காடு வரை அங்ககச் சேர்மங்களில் இருந்தாலும், அந்த வடிவில் அது உயிரணுவின் வாசலைத் தாண்டி உள்ளே போவதில்லை.

அங்கக மணிச்சத்தில் ஒரு பகுதி, உட்கரு அமிலங்களிலும் உயிரணுச் சவ்வின் பாஸ்போலிப்பிடுகளிலும் உள்ளதைப் போல, ஒரு பாஸ்பேட்டின் இருபுறமும் கரிமச் சங்கிலி பிணைந்த டைஎஸ்டர் வடிவில் இருக்கிறது. இன்னொரு பகுதி, ஒருபுறம் மட்டும் பிணைந்த மோனோஎஸ்டர் வடிவில் இருக்கிறது. அதில் பெரும்பங்கு பைட்டேட்டைச் சேர்ந்த இனோசிட்டால் பாஸ்பேட்டுகள். ஆறு கரிம அணுக்கள் கொண்ட வளையத்தில் ஆறு பாஸ்பேட்டுகள் கோத்த இந்தப் பொருளில்தான் விதைகள் தம் மணிச்சத்தின் பெரும்பகுதியைச் சேமித்து வைக்கின்றன. தானியமணி பிடிக்க உதவுவது என்ற பொருளில் உழவர் வழக்கில் நிலைத்த 'மணிச்சத்து' என்ற பெயர், வேதியியல் பார்வையிலும் இப்படி மணியோடு பொருந்திப்போவது எனக்கு எப்போதும் மனநிறைவு தரும் செய்தி.

கரிமத்துக்கும் பாஸ்பேட்டுக்கும் நடுவில் ஆக்சிஜன் வழியாக அமைந்த எஸ்டர் பிணைப்பைத் தண்ணீரின் துணையோடு வெட்டுவது பாஸ்பேட்டேஸ் என்னும் நொதிக்குடும்பம். டைஎஸ்டரை முதலில் பாஸ்போடைஎஸ்டரேஸ் வெட்டி மோனோஎஸ்டராக்குகிறது. அதிலிருந்து பாஸ்போமோனோஎஸ்டரேஸ் தனிப் பாஸ்பேட்டைக் கழற்றுகிறது. பைட்டேட்டின் வளையத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுவதற்குப் பைட்டேஸ் என்னும் சிறப்பு நொதிகள் உள்ளன. அமில மண்ணில் வேலைசெய்யும் அமிலப் பாஸ்பேட்டேஸை வேர்கள், பூஞ்சைகள், பாக்டீரியாக்கள் என மூன்று தரப்பும் சுரக்கின்றன. காரப் பாஸ்பேட்டேஸ் பெரிதும் நுண்ணுயிர்களின் படைப்பு. ஹவாயின் மழைக்காட்டு மண் அமிலத்தன்மை உடையது என்பதால் அங்கே முன்னவையே கவனத்துக்குரியவை.

இந்த நொதிகள் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதைக் கற்பனையில் வைத்துப் பார்க்கத் தேவையில்லை, அது அளக்கப்பட்டிருக்கிறது. பாஸ்பேட் மோனோஎஸ்டர் இரட்டை எதிர்மின்னூட்டம் கொண்ட வடிவில், சாதாரண வெப்பநிலைத் தண்ணீரில் தானாகச் சிதைந்து பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ ஒரு லட்சம் கோடி ஆண்டுகள் ஆகும் என்று 2003இல் வெளியான ஒரு மதிப்பீடு காட்டியது. அமிலச் சூழலில் தோன்றும் மற்றொரு வடிவம் இதைவிடப் பன்மடங்கு வேகமாகச் சிதையும் என்பது உண்மைதான். ஆயினும் காடு காத்திருக்கக்கூடிய கால அளவோடு ஒப்பிடும்போது, நொதியற்ற மண்ணில் உதிர்ந்த இலையின் எஸ்டர் அந்த இலையாகவே கிடந்துவிடும் என்று கொள்ளலாம்.

இங்கே தழைச்சத்துக்கும் மணிச்சத்துக்கும் உள்ள ஓர் அடிப்படை வேறுபாட்டை நிதானமாகப் பார்க்க வேண்டும், ஏனெனில் ஹவாய் முடிவுகளின் பொருள் இதில்தான் அடங்கியிருக்கிறது. தழைச்சத்து மட்கில் கரிமத்தோடு நேராகப் பிணைந்திருக்கிறது. நுண்ணுயிர் ஆற்றலுக்காகக் கரிமத்தை எரிக்கும்போது, தனக்குத் தேவைக்கு மேற்பட்ட தழைச்சத்து உடன்விளைவாக வெளியேறுகிறது. மணிச்சத்தோ ஆக்சிஜன் பாலத்தின் மறுகரையில் நிற்பதால், கரிமச் சட்டத்தைத் தொடாமலேயே அதை மட்டும் வெட்டி எடுக்க முடியும். 1981இல் மக்கில், கோல் ஆகிய இருவரும் இந்த வேறுபாட்டை முன்வைத்து, ஆற்றல் தேடும்போது தற்செயலாக நிகழும் விடுவிப்பை உயிரியல் கனிமமாக்கம் என்றும், மணிச்சத்துத் தேவையால் உந்தப்பட்டு உயிரணுவுக்கு வெளியே நொதியால் நிகழும் விடுவிப்பை உயிர்வேதிக் கனிமமாக்கம் என்றும் பிரித்தார்கள். அதாவது மணிச்சத்தைப் பொறுத்தவரை, தேவை எழுந்தபோது மட்டும் திறக்கத்தக்க தனி வாசல் ஒன்று உயிர்களின் கையில் இருக்கிறது.

அந்த வாசலின் பூட்டு பாக்டீரியாவில் நன்கு அறியப்பட்ட ஒன்று. வெளியே பாஸ்பேட் குறையும்போது சவ்விலுள்ள உணர்புரதம் அதை அறிந்து உள்ளிருக்கும் இன்னொரு புரதத்துக்குச் செய்தி சொல்ல, அது பாஸ்பேட்டேஸையும் பாஸ்பேட்டை உள்ளிழுக்கும் கடத்திகளையும் உருவாக்கும் மரபணுக்களை ஒருசேர இயக்கிவிடுகிறது. பாஸ்பேட் மிகுந்தால் இயக்கம் அடங்குகிறது. பூஞ்சைகளிலும் செடிகளிலும் அமைப்பு வேறானாலும் போக்கு இதுவே. ஆனால் நொதி என்பது புரதம், புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 விழுக்காடு தழைச்சத்து. உயிரணுவிலிருந்து வெளியே விட்ட நொதி பெரும்பாலும் திரும்பி வராது. மணிச்சத்து வேண்டுமென்றால் தழைச்சத்தை முன்பணமாகக் கட்ட வேண்டும்.

உரமிட்ட பாத்திகளில் தெரிந்தது

ஹவாய் வரிசையில் 300, 20,000, 41 லட்சம் ஆண்டு வயதுள்ள இடங்களில் தழைச்சத்து மட்டும், மணிச்சத்து மட்டும், இரண்டும் சேர்த்து, ஒன்றும் இடாமல் என்று பாத்திகள் பிரித்துப் பல ஆண்டுகள் உரமிட்டார்கள். எக்டேருக்கு ஆண்டுக்கு 100 கிலோ என்ற அளவில் ஒவ்வொரு சத்தும் இடப்பட்டது. தர்ஸ்டனில் தழைச்சத்து இட்டபோது ஓஹியா மரங்கள் வளர்ந்தன. கவாயில் மணிச்சத்து இட்டபோது வளர்ந்தன. நடுத்தர வயது மண்ணில் எந்த ஒரு சத்தும் தனியே பெரிய பற்றாக்குறையாக இருக்கவில்லை. 1997இல் விட்டூசெக்கும் ஃபாரிங்டனும் இதை வெளியிட்டபோது, வாக்கர், சையர்ஸ் கருத்துக்கு வயலளவிலான சான்று கிடைத்தது. புதிதாகக் குளிர்ந்த எரிமலைக்குழம்பில் தழைச்சத்து கிட்டத்தட்ட இல்லை, முதிய மண்ணில் கனிம மணிச்சத்து தீர்ந்துவிட்டது என்ற இரண்டு நிலைகளையும் மரங்களின் வளர்ச்சியே காட்டிக்கொடுத்தது.

நான்கு ஆண்டுகளுக்கு மேல் உரமிட்ட அந்தப் பாத்திகளின் மண்ணில் லிடியா ஒலாண்டரும் விட்டூசெக்கும் இரண்டு நொதிகளின் செயல்பாட்டை அளந்து 2000இல் வெளியிட்டார்கள். ஒன்று மணிச்சத்தை விடுவிக்கும் அமிலப் பாஸ்பேட்டேஸ். மற்றது பூஞ்சைச் சுவரிலும் பூச்சி ஓட்டிலும் உள்ள கைட்டினைச் சிதைத்துத் தழைச்சத்துக்கு வழிவிடும் கைட்டினேஸ். இரண்டையும் ஒரே மண்ணில் அருகருகே அளந்த முடிவுதான் இந்த ஆய்வின் உயிர்நாடி என்று கருதுகிறேன். பாஸ்பேட்டேஸை மட்டும் அளந்திருந்தால், சத்து குறைந்தால் நொதி கூடும் என்ற எளிய விதியோடு விஷயம் முடிந்திருக்கும்.

பாஸ்பேட்டேஸ் செயல்பாடு எல்லா வயது மண்ணிலும் உயர்ந்தே இருந்தது. மணிச்சத்து உரம் இட்ட இடங்களில் அது எல்லா மண்ணிலும் குறைந்தது. மரங்களுக்கு மணிச்சத்துப் பற்றாக்குறையே இல்லாத இளம் மண்ணிலும் குறைந்தது. தழைச்சத்து உரம் இட்டபோதோ, தழைச்சத்துக்கு ஏங்கிய அந்த இளம் மண்ணில் பாஸ்பேட்டேஸ் உயர்ந்தது. கைட்டினேஸின் போக்கு வேறு. மண் முதிர்ந்து தழைச்சத்து பெருகப் பெருக அது தானாகக் குறைந்துகொண்டே வந்தது. தழைச்சத்து உரம் அதை இளம் மண்ணில் மட்டும் அடக்கியது. மணிச்சத்து உரம் அதை எந்த மண்ணிலும் அசைக்கவில்லை.

இந்த முடிவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தால் இரு சத்துகளின் ஆட்சிமுறையும் சமச்சீரற்றது என்று புலப்படுகிறது. மணிச்சத்தின் விடுவிப்பை மணிச்சத்தின் இருப்பே நேரடியாகக் கட்டுப்படுத்துகிறது. முன்னே சொன்ன பாக்டீரியப் பூட்டை நினைத்துக்கொண்டால் இது வியப்பல்ல. அதே விடுவிப்புக்குத் தழைச்சத்து தூண்டுதலாகிறது, ஆனால் தழைச்சத்தின் விடுவிப்பில் மணிச்சத்துக்கு அப்படி ஒரு பங்கு தெரியவில்லை. இளம் மண்ணில் தழைச்சத்து வந்து சேர்ந்ததும் பாஸ்பேட்டேஸ் கூடியதற்கு இரண்டு காரணங்கள் இணைந்திருக்கலாம் என்பது என் வாசிப்பு: நொதியைக் கட்டுவதற்கான மூலப்பொருள் கிடைத்தது, வளர்ச்சி வேகமெடுத்ததால் மணிச்சத்துத் தேவையும் கூடியது. உரமிட்ட பாத்தி மட்டும் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டாது.

ஹவாயில் கண்டது ஹவாயோடு நின்றுவிடவில்லை. பல நாடுகளின் உரச்சோதனைகளைத் தொகுத்து மார்க்லைனும் ஹோல்டனும் 2012இல் வெளியிட்ட பகுப்பாய்வில், தழைச்சத்து இட்டால் பாஸ்பேட்டேஸ் கூடுவதும் மணிச்சத்து இட்டால் குறைவதும் பலவகை நிலச்சூழல்களில் பொதுவான போக்காகத் தெரிந்தது. வெப்பமண்டல முதிய காடுகளில் தழைச்சத்துக்குக் குறைவில்லாதபோதும் காற்றிலிருந்து தழைச்சத்தை நிலைப்படுத்தும் பயறுவகை மரங்கள் ஏன் ஏராளமாக இருக்கின்றன என்ற பழைய புதிருக்கும், உபரித் தழைச்சத்தை நொதியாக்கி மணிச்சத்தை மீட்க முடிவது ஒரு விளக்கமாக 2008இல் ஹோல்டன் முதலானோரால் முன்வைக்கப்பட்டது.

விடுபட்ட பிறகு

எஸ்டரிலிருந்து கழன்ற பாஸ்பேட் நேராக வேருக்குப் போய்ச் சேர்வதில்லை. நொதியைச் சுரந்த நுண்ணுயிரும், அதன் அண்டை அயலாரும், வேரும், ஆக்சைடுத் துகளும் அதற்காகப் போட்டியிடுகின்றன. மட்கும் பொருளில் கரிமத்துக்கும் மணிச்சத்துக்கும் உள்ள விகிதம் 200க்குக் கீழே இருந்தால் உபரி பாஸ்பேட் வெளியேறும், 300ஐத் தாண்டினால் நுண்ணுயிர்களே அதை எடுத்துத் தம் உடலில் முடக்கிக்கொள்ளும் என்பது மண்ணியல் பாடங்களில் வழங்கும் அளவுகோல். மணிச்சத்து ஏழ்மையான முதிய மண்ணில் இலைச்சருகும் ஏழ்மையாகவே உதிர்வதால் முடக்கம் நீடிக்கிறது. இதை இழப்பாகக் கருத வேண்டாம் என்பது என் கருத்து. நுண்ணுயிர் உடலுக்குள் இருக்கும் பாஸ்பேட் இரும்பு ஆக்சைடின் பிடியில் சிக்காமல் காக்கப்படுகிறது. புரோட்டோசோவாக்களும் நூற்புழுக்களும் அந்த நுண்ணுயிர்களை மேயும்போது அது சிறுசிறு அளவில் மீண்டும் கரைசலுக்கு வருகிறது.

நம் உழவர்கள் வாங்கி விதைநேர்த்தி செய்யும் பாஸ்போபாக்டீரியாவை இதனோடு குழப்பிக்கொள்ளக்கூடாது என்பதை இங்கே இடையில் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலும் பேசில்லஸ் வகையைச் சேர்ந்த அந்தப் பாக்டீரியாக்களிடம் எதிர்பார்க்கப்படும் முதன்மை வேலை, அங்கக அமிலங்களைச் சுரந்து மண்ணில் கெட்டிப்பட்ட கனிமப் பாஸ்பேட்டைக் கரைப்பது. மட்கின் எஸ்டரை நொதியால் வெட்டுவது வேறு வேலை. சில இனங்கள் இரண்டையும் செய்யும் என்றாலும் வழிகள் இரண்டு.

நொதியின் எல்லை

நொதி வெட்டுவதற்குப் பிணைப்பு அதன் கைக்கு எட்ட வேண்டும். ஹவாயின் நடுத்தர வயது மண்களில் எரிமலைக் கண்ணாடி சிதைந்து உருவான படிகமற்ற அலுமினியச் சிலிக்கேட்டுகளும், முதிய மண்ணில் இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளும் மிகுந்துள்ளன. ஆறு பாஸ்பேட் கரங்கள் கொண்ட பைட்டேட் இத்தகைய பரப்புகளைப் பலவிடங்களில் ஒருசேரப் பற்றிக்கொள்கிறது. உயிர்ப்பொருளில் ஏராளமாக இருக்கும் டைஎஸ்டர்கள் மண்ணில் விரைவில் மறைந்துபோக, விதையில் மட்டும் மிகுந்திருக்கும் பைட்டேட் பல மண்களில் குவிந்து நிற்பதற்கு இந்தப் பிடிமானமே முக்கியக் காரணம். நொதியும் களிமண் பரப்பில் ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய நொதி சிதைவிலிருந்து ஓரளவு தப்பி நீண்ட நாள் வாழ்ந்தாலும், அதன் செயலில் ஒரு பகுதியை இழக்கிறது.

ஆய்வகத்தில் பாஸ்பேட்டேஸை அளக்கும் முறையையும் இதே எச்சரிக்கையோடு படிக்க வேண்டும். 1969இல் தபதபாய், பிரெம்னர் ஆகியோர் மண்ணுக்கென வகுத்த முறையில், பாரா நைட்ரோபீனைல் பாஸ்பேட் என்ற செயற்கைச் சேர்மத்தை மண்ணோடு கலந்து 37 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்து, விடுபடும் நைட்ரோபீனாலின் மஞ்சள் நிறத்தை அளக்கிறார்கள். வெட்டத்தக்க பொருளை வேண்டிய மட்டும் ஊற்றிக் கொடுப்பதால், அந்த எண் நொதியின் ஆற்றலைக் காட்டுகிறதே ஒழிய, காட்டின் மண்ணில் ஒரு நாளில் எவ்வளவு பாஸ்பேட் விடுபட்டது என்பதைக் காட்டுவதில்லை. அந்த நொதி வேரிலிருந்து வந்ததா பூஞ்சையிலிருந்து வந்ததா என்பதையும் அது சொல்வதில்லை. பாஸ்பேட்டேஸ் உயர்ந்த மண் வளமான மண் என்று எழுதப்படும் வரிகளைப் படிக்கும்போது எனக்கு வருத்தம் ஏற்படுவது இதனால்தான். ஹவாய் பாத்திகளில் அந்த எண் மணிச்சத்து உரமிட்டபோது இறங்கியது என்பதை நினைவில் வைத்தால், உயர்ந்த எண் பல நேரங்களில் பசியின் அடையாளம் என்பது விளங்கும்.

நொதி எவ்வளவு திறமையாக வேலைசெய்தாலும் அது இருப்பதைச் சுழற்றுகிறதே தவிர புதிதாக ஓர் அணுவையும் சேர்ப்பதில்லை. ஒவ்வொரு சுற்றிலும் சிறிது ஆற்றோடு போகிறது, சிறிது ஆக்சைடுக்குள் அடைபடுகிறது. 41 லட்சம் ஆண்டுகள் மழையில் நனைந்த கவாய் மண்ணில் இந்தக் கசிவை ஈடுசெய்வது எது என்பதை 1999இல் ஆலிவர் சாட்விக் முதலானோர் காட்டினார்கள். மத்திய ஆசியாவின் வறண்ட நிலங்களிலிருந்து பசிபிக் பெருங்கடலைக் கடந்து வந்து விழும் தூசே, தாய்ப்பாறை ஓய்ந்துபோன அந்தக் காட்டுக்கு மணிச்சத்தின் முக்கிய வரவாக இருக்கிறது. தூசில் வரும் அபடைட்டைத் திறக்க முதலில் அமிலம்தான் வேண்டும், பாஸ்பேட்டேஸுக்கு அங்கே வேலையில்லை. ஓஹியா வேர் அதை உறிஞ்சி இலையாக்கி, அந்த இலை உதிர்ந்து, பாஸ்பேட் எஸ்டராக மண்ணில் விழுந்த பிறகே அது நொதியின் பொறுப்புக்கு வருகிறது.